இங்கே வரும்

கார் விற்கிறவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை, மேடம். எல்லோரும் கேட்பது ஒன்றேதான். முதல் பக்கத்தில் பளபளவென்று ஒரு கார் நிற்க வேண்டும். அதன் பக்கத்தில் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே வரிசையாக வண்டிகள், கம்பெனி, வருஷம், பெட்ரோலா டீசலா என்று தேட ஒரு பெட்டி, மூலையில் கேள்வி கேட்க ஒரு சின்னப் பெட்டி. இவ்வளவுதான். இதற்கென்று டெம்ப்ளேட் விற்கிறார்கள். ஆயத்தமாகத் தைத்து வைத்த சட்டை மாதிரி. வாங்கி வந்து, கையைக் கொஞ்சம் சுருக்கி, நிறத்தை மாற்றி, கடைக்காரர் பெயரைப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

நான் அப்படிப் பல பேருக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் ஒரே டெம்ப்ளேட். எதிரெதிரே கடை வைத்திருந்த இரண்டு பேருக்கு ஒருவருக்குச் சிவப்பிலும் இன்னொருவருக்கு நீலத்திலும் கொடுத்தேன். பல்லைக் காட்டுகிற குடும்பத்தை மாற்ற மறந்துவிட்டேன். அதே குடும்பம் இரண்டு கடையிலும் கார் வாங்கிக்கொண்டு சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் எதிரிகள் என்பதால் ஒருவர் சைட்டை இன்னொருவர் பார்க்கவில்லை. நான் பிழைத்தேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, சாம்பல் நிறக் காருக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். அந்த நர்ஸ் அம்மா இறந்துபோனதில் என் மச்சான் மேல் ஒரு தப்பும் இல்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே ஸ்டேஷனுக்குக் கிளம்பி வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆனால் டெம்ப்ளேட்டைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பழைய கார் ஷோரூம் வைத்திருக்கிறான், நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவன் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் அங்கே இருக்கிறவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொள்ளும். எனக்கும் தொற்றிக்கொள்ளும், அதுதான் எரிச்சல். பழைய வண்டியை யார் தலையிலாவது கட்டிவிடுகிற தொழிலில் இருந்துகொண்டு யார் தலையிலும் எதையும் கட்டாதவன். எங்கள் வீட்டில் அவன் சொன்னால் அது சரி. என் மகள் எந்தப் படிப்பில் சேர்வது என்று அவனைத்தான் கேட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஷோரூம் திறந்தபோது சைட்டை நான்தான் செய்தேன். திறப்பு விழாவில் சுவர் அளவுக்குப் பெரிய திரை கட்டியிருந்தான். சொந்தபந்தம், நண்பர்கள், பேங்க் மேனேஜர் என்று ஹால் நிறையக் கூட்டம். என் மனைவி புதுப் புடவையில் முன் வரிசையில் இருந்தாள். மைக்கில் என்னைக் கூப்பிட்டு, "எங்க மாமா கையாலயே திறக்கட்டும்" என்றான். நான் பட்டனை அழுத்தினேன்.

அந்த டெம்ப்ளேட்டில் கடைப் பெயரை இரண்டு இடத்தில் போட வேண்டும், மேடம். சின்னத் திரைக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று. நான் என் லேப்டாப்பில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன். சுவரில் வந்து நின்றது பெரிய திரைக்கானது. பளபளவென்று கார், பல்லைக் காட்டும் குடும்பம், அவர்கள் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில்: "உங்கள் நிறுவனத்தின் பெயர் இங்கே வரும்."

மச்சான் மறுபடி மைக்கை எடுத்தான். "எங்க மாமா ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். இங்கே வரும்னு சொல்லிட்டார். வராமலா போயிடும்?" என்றான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னான். அது எனக்குத் தெரியும். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் அதுதான். நான் வாசலில் செருப்பைக் கழற்றினால், "இதோ, இங்கே வரும் வந்துட்டார்" என்பான். நான் தாமதமானால், "இங்கே வரும் இன்னும் வரலையா?" என்பான். பந்தியில், காரில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எங்கே போனாலும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. என் மாமியார் ஒருநாள் போனில், "இங்கே வரும் கிளம்பிட்டாராம்மா?" என்று கேட்டது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. என் மகளின் போனை ஒரு தடவை மேசையிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனேன். நான் கூப்பிட்ட அழைப்பு அதில் தவறிப்போயிருந்தது. அப்பா என்று இருக்க வேண்டிய இடத்தில் "இங்கே வரும்" என்று இருந்தது.

எனக்கு வலித்தது, மேடம். ரொம்ப வலித்தது. ஆனால் மாமன் மச்சான் கேலிக்குக் கோபித்துக்கொள்ள முடியாது. கோபித்துக்கொண்டால் நம்மைத்தான் அற்பன் என்பார்கள். ஒரு தடவை என் மனைவியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "ஐயோ, அவன் உங்க மேல எவ்வளவு பாசம் வச்சிருக்கான், பாசம் இல்லாதவங்களையா கிண்டல் பண்ணுவாங்க?" என்றாள். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

இனி பச்சை டிக். அந்த டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு காரின் படத்துக்குக் கீழேயும் ஒரு பச்சை டிக் இருக்கும். "பிரேக், ஸ்டீயரிங், டயர் சோதித்து ஒப்புதல் தரப்பட்டது." நாம் எதுவும் செய்யாவிட்டால் தானாகவே எல்லா வண்டிக்கும் வந்துவிடும். மற்ற கடைக்காரர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். கேட்காமலேயே ஒப்புதல் கிடைத்துவிடுகிறது, யாருக்குக் கசக்கும்? மச்சான் மட்டும்தான் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"மாமா, இது சும்மா வரக்கூடாது. நான் ஓட்டிப் பார்த்து, நானே கை வச்சாத்தான் வரணும். என் பேரும் கூட வரணும்."

அப்படியே மாற்றிக் கொடுத்தேன். அவன் ஒவ்வொரு வண்டியையும் ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஓட்டுவான். முனையில் வைத்து நச்சென்று பிரேக் அடிப்பான். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டிக் போடுவான். கவுன்ட்டரில் இருக்கிற பெண்ணிடம் ஒரே ஒரு விதிதான் சொல்லி வைத்திருந்தான். டிக் இருந்தால் சாவியைக் கொடு, இல்லாவிட்டால் முதலாளியே வந்து கேட்டாலும் கொடுக்காதே. அந்தப் பெண் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. நல்ல பெண். அதை நீங்கள் அவ்வளவு நேரம் அழ வைத்திருக்க வேண்டாம்.

சாம்பல் நிறக் கார் ஏதோ எக்ஸ்சேஞ்சில் வந்தது. மச்சான் அதைப் பின்தெருவில் ஓட்டியபோது நான் படம் எடுக்க வந்திருந்தேன். பெடல் அப்படியே தரைக்குப் போய்விட்டது. பழைய டயர் அடுக்கில் மோதித்தான் நிறுத்தினான். இறங்கி வந்து கைகளை உதறிக்கொண்டு சிரித்தான். பிரேக் ஆயில் போகிற பைப்பு முழுக்கத் துரு, சில சமயம் பிடிக்கும், சில சமயம் பிடிக்காது என்றான். சாக்பீஸை எடுத்து முன் கண்ணாடியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"இதைப் படம் எடுக்காதீங்க மாமா. பிரிச்சு உதிரியா குடுத்துடலாம். இதுல ஏறினா ஆள் காலி."

அதைச் சொல்லிவிட்டு, கவுன்ட்டர் பெண்ணிடம் திரும்பி, "நம்ம இங்கே வரும் வந்திருக்கார், காபி சொல்லுமா" என்றான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதற்கு யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

நான் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனேன்.

பிறகு மச்சான் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனான். கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். கவுன்ட்டர் பெண் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் நான் பின்பக்கம் போனேன். ஈரத் துணியால் சாக்பீஸ் குறியைத் துடைத்தேன். உங்கள் அறிக்கையில் மழை அழித்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வாரம் மழையே இல்லை, யாராவது சரிபார்த்திருக்கலாம். வண்டியை ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெதுவாக நகர்த்தி முன் வரிசையில் நிறுத்தினேன். கண்ணாடி, பம்பர் எல்லாம் துடைத்து, வெயில் நன்றாக விழும்படி நிறுத்திப் படம் எடுத்தேன். நான் அந்தக் கடைக்கு எடுத்த படங்களிலேயே அது நன்றாக வந்த படம்.

சைட்டில் ஏற்றினேன். டிக் போட்டேன். மச்சான் பெயர் அதன் பக்கத்தில் வந்து நின்றது. சைட்டைச் செய்தவன் நான், யார் பெயரிலும் என்னால் டிக் போட முடியும்.

உடனே நிறையப் பேர் கேட்டார்கள். ஒருவர் தன் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். வண்டி விற்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். இன்னொருவர் டாக்ஸி ஓட்டுகிறவர், அவருக்கும் அதையேதான் சொன்னேன். கார் தெரிந்தவர்கள் எனக்குத் தேவையில்லை. பெடலை ஒரு தடவை மிதித்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும், அப்புறம் மச்சானுக்குப் போன் போகும், அவன் அதையும் ஒரு சிரிப்பாக்கிவிடுவான். கார் தெரியாத ஒருவர் வரும்வரை காத்திருந்தேன். எனக்குப் பொறுமை உண்டு.

அந்த நர்ஸ் அம்மா வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். கவுன்ட்டர் பெண் டிக்கைப் பார்த்துச் சாவியைக் கொடுத்தது. நான் மாடியில் ஜன்னல் பக்கம் இருந்தேன். முதல் வளைவில் பிரேக் விளக்கு எரிந்தது, வண்டியும் நின்றது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சில நாள் அந்தக் கார் ஒழுங்காகவே ஓடியிருக்கிறது.

மற்றது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து இறங்குகிற சரிவு. பிள்ளைகள் விட்டு வருகிற நேரம். அந்த அம்மா பிள்ளைகள் மேல் ஏற்றாமல் வண்டியைச் சுவர் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் சொன்னார்கள். அது அவர்களுடைய நல்ல மனசு, நான் குறை சொல்ல மாட்டேன்.

மச்சானை நீங்கள் உள்ளே வைத்தீர்கள். நான் பார்க்கப் போனேன். என் மனைவி அழுது அழுது முகம் வீங்கி வெளியே உட்கார்ந்திருந்தாள், அவளால் உள்ளே வர முடியவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் மச்சான் சவரம் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அந்த டிக்கை நான் போட்டேனா?"

"சிஸ்டத்துல உன் பேர்தான் இருக்கு மாப்பிள்ளை."

"எனக்கு ஞாபகமே இல்லையே. கல்யாணத்துக்குக் கிளம்புற அவசரத்துல போட்டிருப்பேனோ? நானே போட்டிருப்பேன் மாமா. அந்தம்மாவ நானே கொன்னுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் கம்பி வழியாகக் கையை நீட்டி அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். மாமா, மாமா என்றுதான் கூப்பிட்டான். முன்னால் பின்னால் வேறு எதுவும் ஒட்டவில்லை. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அதோடு விட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன், மேடம். அவன் எத்தனை வருஷம் உள்ளே இருந்தாலும் நான் வாரா வாரம் போய்ப் பார்த்திருப்பேன். அவன் குடும்பத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் கம்ப்யூட்டர் நிபுணர்தான் காரியத்தைக் கெடுத்தார். வண்டி கைமாறுவதற்கு முன்பே அந்த டெம்ப்ளேட் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. டெம்ப்ளேட் விற்கிறவர்கள் அவ்வப்போது அப்படிச் செய்வார்கள், நம்மைக் கேட்க மாட்டார்கள். புதுப்பித்தபோது நான் மாற்றி வைத்திருந்தது எல்லாம் அழிந்து, பழையபடி எல்லா வண்டியிலும் டிக் தானாக முளைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் முதலாளி பெயர். யார் எப்போது போட்டார்கள் என்கிற விவரமும் போய்விட்டது. நான் கையால் போட்ட டிக் அந்தக் கூட்டத்தில் காணாமல் போயிற்று. நிபுணர் அதைப் பார்த்தார், டெம்ப்ளேட்டின் கோளாறு என்று எழுதிவிட்டார். குறி அழிந்த வண்டியை நான் மறதியில் படம் எடுத்து ஏற்றிவிட்டதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். முதலாளிக்குச் சம்பந்தமில்லை. சைட் செய்தவரைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். "டெம்ப்ளேட்டைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் திறமை இல்லாதவர், கெட்ட நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை."

மச்சான் நேற்று வெளியே வந்துவிட்டான். வீடு நிறைய ஜனம். இறந்துபோனவரின் புருஷன்கூட வந்திருந்தார். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மேல் கோபமில்லை என்றார். எல்லோரும் அழுதார்கள். நான் சமையலறை வாசலில் நின்றேன். மச்சான் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"மனசு விட்டுடாதீங்க மாமா. நீங்க என்ன பண்ணுவீங்க? டெம்ப்ளேட்ல என்ன இருந்துதோ அது அப்படியே வந்திருக்கு. உங்களுக்கு அதெல்லாம் தெரியாதுல்ல."

என் மனைவி தலையாட்டினாள். என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தெருவில் கீழே விழுந்தவனைப் பார்க்கிற மாதிரி. மாமியார் என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "சாப்பிடுங்க, நீங்க வேணும்னேவா செஞ்சீங்க, பாவம்" என்றார்கள்.

ஒரு வீடே என்னை மன்னித்தது, மேடம். கேட்காமலேயே.

அந்தத் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன். இரவு படுத்தும் தூக்கம் வரவில்லை. குற்றமில்லாத ஒருவன் பெயர் முழுசாகத் தெளிய வேண்டும், உண்மை தெரிய வேண்டும் என்று நினைத்தேன். அதனால்தான் வந்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. துணி எங்கே போட்டேன் என்று காட்டுகிறேன். அந்த டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வண்டி விற்றுவிட்டது என்று யார் சொன்னது என்று அவர் சொல்வார். நிபுணரை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள், இந்தத் தடவை நிதானமாக.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சைட்டின் மூலையில் கேள்வி கேட்கிற பெட்டி இருக்கிறது என்று சொன்னேன். அந்த நர்ஸ் அம்மா அதில் எழுதியிருந்தார்கள். "வணக்கம். நான் நர்ஸ். எனக்கு காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. டூட்டி முடிஞ்சு என் பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரத்தான் கேக்கறேன். இந்த வண்டில பிரேக் எல்லாம் நல்லா இருக்குமா?"

அதற்கு டெம்ப்ளேட்டில் ஒரு ஆயத்தப் பதில் உண்டு. உங்கள் கேள்விக்கு நன்றி, எங்கள் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார். அது போயிருந்தால் அந்த அம்மா மச்சான் வரும்வரை காத்திருப்பார்கள். நான் அதை நிறுத்தினேன். கீபோர்டில் விரலை வைத்துக் கொஞ்சம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: "தைரியமா வாங்க அம்மா. எங்க முதலாளியே ஓட்டிப் பார்த்த வண்டி. பொண்ணை மட்டும் பின் சீட்ல உட்கார வச்சுக்கோங்க, பெல்ட் போட்டு விடுங்க, நிம்மதியா ஓட்டலாம்."

உங்கள் நிபுணர் இதையும் பார்த்திருக்கிறார். பக்கத்தில் "தானியங்கிப் பதில்" என்று குறித்து வைத்திருக்கிறார். எந்தத் தானியங்கி இப்படி எழுதும்? அந்தச் சின்னப் பெண் காலில் கட்டோடு பிழைத்துக்கொண்டது. முன்னால் உட்கார்ந்திருந்தால் போயிருக்கும், பின் சீட்டில் பெல்ட்டோடு இருந்ததால்தான் தப்பியது என்று டாக்டர் சொன்னாராம். அதை யாரும் என் கணக்கில் எழுதவில்லை. தயவுசெய்து நீங்களாவது சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்த யோசனை டெம்ப்ளேட்டில் இல்லை, நான் சொன்னது.